புளித்தண்ணீரும் பலகைக் கரியும்

என் மாமா, அம்மாவின் அண்ணன், கிள்ளானில் ஒரு முலாம் பட்டறை வைத்திருக்கிறார். கோயில் குத்துவிளக்கு, வேல், காவடியின் இரும்புச் சட்டம், கல்யாண மண்டபத்துத் தாம்பாளம் எல்லாம் கறுத்தும் துருவேறியும் அங்கே வந்து சேரும். போகும்போது முகம் பார்க்கலாம். தைப்பூசத்துக்கு முந்திய மாதங்களில் பட்டறையில் கால் வைக்க இடமிருக்காது. மாமா குடும்பத்துக்கு வருடத்தின் பெரும்பகுதிச் சோறு அந்தச் சில மாத வேலையில்தான்.

அந்த வருடம் தைப்பூச வேலை சூடுபிடிப்பதற்கு முன்பே சுற்றுச்சூழல் இலாகாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பட்டறைக்குப் பின்னால் ஓடும் லோங்காங் என்கிற சாக்கடைக் கால்வாயில் விழுகிற தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு போனார்கள். செம்பும் நிக்கலும் அளவுக்கு மேல் இருப்பதாகப் பதில் வந்தது. சரிசெய்ய அவகாசம் தந்திருந்தார்கள். அடுத்த தடவை எடுக்கும் தண்ணீரும் அப்படியே இருந்தால் முலாம் வேலையை நிறுத்திவிட வேண்டும்.

மாமா எனக்கு ஃபோன் செய்தார்.

"மாப்ள, நீ அழுக்குத் தண்ணி கழுவுறதப் பத்தித்தான படிக்கிற?"

"ஆமா மாமா. கழிவு மரத்துல..."

"அதெல்லாம் நேர்ல சொல்லு. வா."

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் மாணவனாகக் கால் வைத்த முதல் ஆள் நான். இளங்கலை முடித்து முதுகலை ஆய்வில் சேர்ந்திருந்தேன். என்ன ஆய்வு என்று உறவினர்கள் கேட்டால் பதில் சொல்லித் தீராது. அப்பா மட்டும் ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "மரத்த எரிச்சுக் கரியாக்குறான். அதுக்கு மாஸ்டராம்."

அவர் சொன்னதில் தவறில்லை. வேண்டாத மரத்தைக் காற்று படாமல் சுட்டால் கரியாகும். அந்தக் கரியைப் பொடித்து, சோடாக் கரைசலில் ஊறவைத்து, கழுவிக் காயவைத்தால் அதன் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளும், உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டாகும். செம்பு கலந்த தண்ணீரை அதன் வழியாக விட்டால் செம்பு கரியில் தங்கிவிடும், தண்ணீர் வெளியே வரும். ஆய்வுக்கூடத்தில் அது அழகாக நடந்தது. ஆனால் அங்கே நான் சோதித்த தண்ணீர் நானே தயாரித்தது. சுத்தமான நீரில் செம்பு உப்பைக் கரைத்திருப்பேன், அவ்வளவுதான். அதில் வேறு ஒரு தூசி கிடையாது.

மரம் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கண்டெய்னரில் பெட்டிகளுக்கு அடியில் வரும் மரப் பலகைத் தட்டுகள், பேலட் என்பார்கள், அங்கே உடைந்து மலையாகக் கிடக்கும். எனக்குக் கழிவு மரம் வேண்டும் என்றதும் அப்பாவுக்குத் தாங்காத சந்தோஷம். என் படிப்பும் அவர் வேலையும் ஒரே பேச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. மறுநாளே நண்பருடைய லோரியில் நீலப் பெயின்ட் அடித்த பேலட்டாகப் பொறுக்கி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"இது வேணாம்பா. பெயின்ட்ல என்ன இருக்குன்னு தெரியாது."

"நல்ல கெட்டி மரம்டா இது! இருக்கறதுலயே நல்லதாப் பாத்து எடுத்தேன்."

"எனக்கு மட்டமானது போதும்பா. பெயின்ட் இருக்கக்கூடாது, மருந்து போட்டிருக்கக்கூடாது. வெறும் சூட்டுல பதப்படுத்துனதுக்கு ஒரு முத்திரை குத்தியிருப்பாங்க. அது மட்டும்."

"மட்டமான மரம் வேணும்னு கேக்கறதுக்கு யுனிவர்சிட்டி வரைக்கும் போகணுமா?" என்றார். ஆனால் அதற்குப் பிறகு அவர் கொண்டுவந்த ஒவ்வொரு பலகையிலும் முத்திரை இருந்தது. முத்திரை தெரியும்படி மேல்பக்கமாகவே அடுக்கியிருப்பார்.

பட்டறைக்கு மூட்டை மூட்டையாகக் கரி வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்துச் சிறிய உலையில் ஒரு கைப்பிடிதான் சுடலாம். முதலில் வீட்டுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தோம்பில், அதாவது பீப்பாயில், சுட்டுப் பார்த்தேன். மூடியின் இடுக்கிலிருந்து புகை கிளம்பி வேலியைத் தாண்டியது. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர், பாக்சிக் என்போம், எட்டிப் பார்த்து, எத்தனை மணிக்குக் கரியில் வாட்டும் சாத்தே இறைச்சி தயாராகும் என்று மலாயில் கேட்டார். அவருடைய பேரப்பிள்ளைகள் தட்டோடு நின்றார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, சமைத்து வைத்திருந்த கோழியை எடுத்துக் கொடுத்தனுப்பினார். என் ஆய்வை மேற்பார்வை செய்யும் பேராசிரியை இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்து முடித்துவிட்டு, வேறு துறையில் இருந்த பெரிய உலையை வார இறுதிகளில் பயன்படுத்த அனுமதி வாங்கித் தந்தார். டெங்கில் சாலையில் மோட்டார் சைக்கிளின் பின்னால் கரிமூட்டையைக் கட்டிக்கொண்டு போவேன். மழை பிடித்துக்கொண்டால் நான் நனைவேன், மூட்டைக்கு மழைக்கோட்டு.

பட்டறையில் வேலையை ஒழுங்காகத்தான் தொடங்கினேன். மாமாவை உட்காரவைத்துக் கேட்டேன்.

"மாமா, இங்க என்னென்ன கெமிக்கல் போடுறீங்க? ஒண்ணு விடாம காட்டுங்க."

மாமா ஒவ்வொன்றாகக் காட்டினார். நிக்கல் உப்பு, செம்பு உப்பு, ஆசிட், எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் சோப்பு. எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டேன். முலாம் தொட்டியிலிருந்து எடுக்கும் சாமானை அலசும் தண்ணீர் ஒரு சின்ன வாய்க்காலாக ஓடி, வண்டல் தங்கும் தொட்டி ஒன்றில் விழுந்து, அங்கிருந்து லோங்காங்குக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தொட்டிக்கும் லோங்காங்குக்கும் நடுவில் ஒரு நீலப் பிளாஸ்டிக் தோம்பை வைத்தேன். அடியில் சரளை, அதன்மேல் மணல், மணல்மேல் கரி, கரிக்குமேல் மறுபடி மணல்.

சோதித்துப் பார்க்க ஒரு சிறிய மருந்துப் புட்டி என்னிடம் இருந்தது. தண்ணீரில் சில துளி விட்டால், செம்பு இருந்தால் ஊதா நிறம் வரும். இல்லாவிட்டால் நிறம் மாறாது. முதல் நாள் கரியிலிருந்து சொட்டிய தண்ணீரை எடுத்துத் துளி விட்டேன். மாமா, அத்தை, பாலிஷ் மெஷினில் வேலை செய்யும் அண்ணன் மூவரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நிறமே இல்லை.

"அட, பச்சத்தண்ணி மாதிரி இருக்கு!" என்றார் அத்தை.

"குடிச்சிக் காட்டு மாப்ள," என்றார் மாமா.

"அய்யோ, குடிக்கற தண்ணி இல்ல மாமா."

"சரி, லோங்காங் குடிக்கட்டும்."

அந்த வாரக் கடைசியில் மறுபடி போய்ச் சோதித்தேன். ஊதா. நல்ல கத்தரிக்காய் ஊதா. கரி நிறைந்துவிட்டதோ என்று புதுக்கரி போட்டேன். மறுபடி சில நாள் தெளிவாக வந்தது, திடீரென்று ஊதா. பாலிஷ் போடும் அண்ணனுக்கு அது பொழுதுபோக்காகிவிட்டது. நான் மோட்டாரை நிறுத்தும்போதே கேட்பார்.

"சயின்டிஸ்ட்டு, இன்னைக்கு என்ன கலரு? லாட்டரிக்கு நாலு நம்பர் எழுதலாமா?"

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் தைப்பூச வேலைகள் வந்துகொண்டிருந்தன. காவடிக் குழு ஒன்று தங்களுடைய எல்லாச் சட்டங்களுக்கும் முலாம் பூசக் கேட்டிருந்தது. அந்த வருடத்தின் மிகப் பெரிய வேலை அது. மாமா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. வேலையை வாங்கிப் போட்டுவிட்டுப் பட்டறையை மூடச் சொன்னால் தைப்பூசத்தில் அவர்கள் துருப்பிடித்த சட்டத்தோடு நிற்பார்கள். அவர்கள் ஃபோன் செய்யும்போதெல்லாம் மாமா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். திரும்பி வந்து என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார். கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எனக்கு முதல் சந்தேகம் மரத்தின்மேல் விழுந்தது. சில மருந்துகளில் செம்பே இருக்கும். அப்படிப் பதப்படுத்திய பலகை ஒன்று கலந்திருந்தாலும் கரி செம்பைப் பிடிப்பதற்குப் பதிலாகக் கக்கும். அப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"முத்திரை இல்லாத பலகை ஏதாச்சும் கலந்திருக்குமாப்பா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "ஒவ்வொண்ணாத் திருப்பிப் பாத்துத்தான்டா எடுத்தேன்."

மறுநாள் ஆய்வுக்கூடத்தில், மீதமிருந்த கரியை வெறும் சுத்த நீரில் ஊறவைத்து, அந்த நீரை உலோகம் அளக்கும் இயந்திரத்தில் கொடுத்துப் பார்த்தேன். செம்பு இல்லை. உடனே அப்பாவுக்கு ஃபோன் செய்து, "உங்க மரம் சுத்தம்பா" என்றேன். "அது எனக்குத் தெரியுமே" என்றார். பின்னணியில் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும் பீப் பீப் சத்தம். "வேற எங்க கோளாறுன்னு பாரு. மாமா பாவம்."

பேராசிரியையிடம் எல்லா முடிவுகளையும் காட்டினேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். பட்டறைத் தண்ணீரில் என்ன கலக்கிறது என்று நீ பார்த்தாயா, அல்லது அவர்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டாயா?

நான் பார்க்கவில்லை. அந்த வாரம் முழுக்க ஆய்வுக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, மாமா கடையைத் திறக்கும்போதே போய் உட்கார்ந்தேன். தண்ணீர் எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்து முடிகிற இடம் வரைக்கும் கூடவே நடந்தேன். திங்கள் தெளிவு. செவ்வாயும் புதனும் தெளிவு. வியாழக்கிழமை காலையும் அப்படித்தான் இருந்தது. மதியத்துக்குமேல் பாலிஷ் சத்தம் கொஞ்சம் ஓய்ந்தது. அத்தை பின்கட்டில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் பெரிய பேசினில் ஊறவைத்த புளி, கையில் தேங்காய் நார். கோயில் விளக்குகளை ஒவ்வொன்றாக மடியில் சாய்த்துத் தேய்க்க ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை பூசைக்கு வேண்டும் என்று கோயில்காரர்கள் வியாழன் மாலையே வந்து எடுத்துப்போவார்கள். முலாம் வேண்டாத பித்தளை விளக்குகளுக்கு அங்கே எப்போதும் இந்தக் கவனிப்புதான்.

நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்தேன். யாருக்குக் கல்யாணம், யாருக்குக் குழந்தை என்று பேசிக்கொண்டிருந்தோம். பேச்சின் நடுவே அத்தை பேசினைத் தூக்கி வாய்க்காலில் கவிழ்த்தார். பழுப்பும் பச்சையுமாகத் தண்ணீர் வளைந்து ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு வாய் டீயும் குடித்தேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. சட்டைப் பையில் இருந்த அமிலம் சோதிக்கும் தாளை எடுத்து வாய்க்காலில் நனைத்தேன். சிவந்தது.

"அத்த, இந்தப் புளித்தண்ணி எப்பவுமே இதுலதான் ஊத்துவீங்களா?"

"பின்ன? தலையிலயா ஊத்திக்குவேன்?"

"அன்னைக்கு எல்லாக் கெமிக்கலையும் காட்டுங்கன்னு கேட்டேனே!"

"கெமிக்கல்தான கேட்ட? புளி கெமிக்கலா?"

எங்கள் வீட்டில் அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் இதையேதான் செய்கிறார். அரைக்கால் சட்டை போட்ட வயதிலிருந்து அந்தப் பேசினைத் தூக்கிக் கொட்டுவது என் வேலை. கொட்டிய தண்ணீர் ஏன் பச்சையாக இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஆசிட் போத்தலைப் பார்த்தால் என் கை தானாகக் கையுறையைத் தேடுகிறது. புளியைப் பார்த்தால் ரசம் ஞாபகம் வருகிறது. வேறு ஊரிலிருந்து வேறு சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்த ஒருவன் வந்திருந்தால், முதல் வாரத்திலேயே அந்தப் பேசினைக் காட்டி இது என்ன என்று கேட்டிருப்பான்.

விஷயம் இதுதான். பித்தளையில் பாதிக்குமேல் செம்பு. புளியின் அமிலம் கறுத்த மேல்தோலைக் கரைத்து எடுப்பதால்தான் விளக்கு பளிச்சென்று ஆகிறது. கரைந்த செம்பு தண்ணீரோடு வருகிறது. அதையும் புளி சும்மா விடுவதில்லை, செம்பைத் தன்னோடு கட்டிக்கொள்கிறது. கரி கைநீட்டினால் கொடுக்காது. போதாததற்கு, கரி மூன்று நாளாகப் பிடித்து வைத்திருந்த செம்பையும் அந்த அமிலம் கழற்றிவிடுகிறது. வியாழக்கிழமை சேர்ந்ததெல்லாம் மொத்தமாக வெளியே வந்து சனிக்கிழமை என் புட்டியில் கத்தரிக்காயாக நின்றிருக்கிறது.

அன்று மாலையே அத்தையிடம் சொன்னேன். புளியை நிறுத்திவிட்டுப் பித்தளைக்கென்று கடையில் விற்கிற பாலிஷ் திரவத்தை வாங்கலாம்.

"கோயில் வெளக்கையா? நெஞ்சக் கிழிச்சாலும் மாட்டேன். நான் புளி போட்டுத் தேய்க்கிறேன்னு தெரிஞ்சுதான் அவங்க இங்க கொண்டாராங்க. மருந்து நாத்தம் அடிச்சா அப்படியே திருப்பிக் குடுத்துட்டுப் போயிருவாங்க."

"அத்த, பட்டறையவே மூடச் சொல்லிட்டா வெளக்கு எங்க வரும்?"

"அதுக்குத்தான தம்பி உன்னைப் படிக்க வச்சது? புளிய மாத்தாம தண்ணிய மாத்து."

மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க. நான் தே தாரேக் குடிச்சிட்டு வரேன்," என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அத்தை கேட்டது நியாயம் என்று வீட்டுக்குப் போகும் வழியில் பட்டது. கழுவுகிறவர்களின் பழக்கத்தை மாற்றினால்தான் வேலை செய்யும் என்றால் அது என்ன கரி? மறுநாள் புளித்தண்ணீரை ஒரு கேனில் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். சுண்ணாம்புத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பார்த்தேன். புளியின் அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்து வண்டலாக இறங்கியது. அதன் பிடி விட்டதும் செம்பும் பெரும்பாலும் பச்சை வண்டலாக அடியில் உட்கார்ந்தது. மேலே தெளிந்த நீரின் காரத்தைக் கொஞ்சம் குறைத்துக் கரியில் விட்டால் மிச்சத்தைக் கரி பிடித்துக்கொண்டது. அடுத்த ஒரு வாரம் இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்த பிறகுதான் மாமாவிடம் வாய் திறந்தேன்.

பின்கட்டில் அத்தைக்கென்று தனியாக ஒரு தோம்பு வைத்தோம். புளித்தண்ணீர் இனி வாய்க்காலுக்குப் போகாது. அந்தத் தோம்பில் விழும், சுண்ணாம்பு சேரும், ஒரு நாள் அசையாமல் நிற்கும். தெளிந்தது மட்டும் கரிக்குப் போகும். ஹார்ட்வேர் கடையிலிருந்து சுண்ணாம்பு மூட்டை வந்து இறங்கியபோது அத்தை இடுப்பில் கைவைத்து நின்றார்.

"புளிக்குச் சுண்ணாம்பா? வெத்தல பாக்கும் வாங்கிட்டு வந்திரு, மொத்தமாப் போட்டுருவோம்."

கேலி பேசினாலும் அதை மிகச் சரியாகச் செய்தவர் அவர்தான். தாளின் நிறம் மாறியதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் ஒரு சொட்டைத் திறந்துவிட மாட்டார். ஒரு நாள் மட்டும் பயந்துபோனேன். தோம்பிலிருந்து எடுத்த பழைய கரியை மூட்டையோடு பட்டறைக்குப் பின்னால் இருந்த வாழை மரத்தடிக்கு இழுத்துப்போய்க்கொண்டிருந்தார். கரியும் சாம்பலும் வாழைக்கு நல்லது என்பது அவர் கணக்கு. ஓடிப்போய் மூட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்த, லோங்காங்குக்குப் போக வேண்டிய செம்பு நிக்கல் பூராவும் இதுலதான் இருக்கு!"

"அடப்பாவி. நேத்து ஒரு சீப்பு வெட்டுனேனே!"

"நேத்து இதப் போட்டீங்களா?"

"இல்ல லா. இப்பதான் முதல் தடவ."

அதற்குப் பிறகு பழைய கரிக்கும் பச்சை வண்டலுக்கும் மூடிபோட்ட தனிப் பீப்பாய்கள் வந்தன. இப்படிப்பட்ட கழிவை எடுக்க உரிமம் உள்ளவர்கள் வந்து கொண்டுபோகிறார்கள். வாழை பிழைத்துக்கொண்டது.

இலாகாவிலிருந்து மறுபடி வந்தபோது ஒரு வியாழக்கிழமையாகப் பார்த்து வந்தார்கள். ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் இளம் மலாய்க்கார அதிகாரி தோம்புக்குள் எட்டிப் பார்த்து, இது வெறும் அடுப்புக்கரியா என்று கேட்டார். பேலட் பலகை என்றேன். எங்கிருந்து, எப்படிச் சுடுவது, பிறகு எங்கே போகிறது என்று வரிசையாகக் கேட்டார். எனக்குத் தெரிந்த மலாய் மொத்தத்தையும் செலவழித்தேன். அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து விளக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அதிகாரி கரித் தோம்பின் வாயில் போத்தலைப் பிடித்து, மூடி, சீட்டு ஒட்டி, பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

முடிவு வரும் வரையில் பாலிஷ் அண்ணன்கூட நம்பர் கேட்கவில்லை. காவடிக் குழுத் தலைவர் ஒரு முறை நேரில் வந்து, வேறு இடம் பார்க்கட்டுமா என்று கேட்டார். "இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கண்ணே," என்று மாமா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

பதில் மாமாவின் ஃபோனுக்கு வந்த அன்று நான் மணலை அலசிக்கொண்டிருந்தேன். மாமா கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. ஃபோனை என்னிடம் நீட்டினார். படித்தேன். செம்பு அளவுக்குள் இருந்தது. நிக்கலும் அளவுக்குள்தான், ஆனால் எல்லைக்கு ரொம்பப் பக்கத்தில். தொடர்ந்து கவனிக்க வேண்டும், வேலை நடக்கலாம்.

"என்னடா சொல்றான்?"

"வேல செய்யலாம் மாமா."

மாமா தோம்பின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார். அத்தை உள்ளிருந்து, "நிக்கலு?" என்று குரல் கொடுத்தார். அவருக்கு நிக்கல் மேல் அக்கறை வந்திருந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"பாஸுதான் அத்த. ஆனா ஒட்டிக்கிட்டு."

"அப்பக் கரிய அடிக்கடி மாத்துவோம்," என்றார் அத்தை.

மாமா அதற்குள் ஃபோனைப் பிடுங்கிக் காவடிக் குழுத் தலைவரை அழைத்துவிட்டார். "அண்ணே, கொண்டாங்க. ஆமா, எல்லாத்தையும். இன்னைக்கே வேணாலும் ஏத்திட்டு வாங்க." இந்தத் தடவை அவர் வாசலுக்குப் போகவில்லை. பாலிஷ் மெஷினின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசினார். பேசிக்கொண்டே ஃபோன் வாயைக் கையால் பொத்தி என்னிடம் கேட்டார்.

"மாப்ள, அத்தன சட்டத்துக்கும் கரி பத்துமா?"

பத்தாது. அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். கிடங்கில் அது சரக்கு இறங்கும் நேரம்.

"மரம் எவ்வளவு வேணும்?" என்றார்.

"ஒரு லோரி நெறைய வேணும்பா."

"ரிசல்ட் வந்துருச்சா?"

"வந்துருச்சு. வேல செய்யலாமாம்."

"உன் மாமாகிட்ட ஃபோனக் குடு," என்றார் அப்பா. நான் கொடுத்தேன். இருவரும் என்ன பேசினார்கள் என்று மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. மாமா மட்டும் சிரித்துக்கொண்டே, "ஆமா மச்சான், ஆமா, நம்ம பையன்தான்," என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார்.